விந்தணு இருக்கிறது, வெளியே வர நாளம் இல்லை

மருத்துவர் பதில்கள்
பதில் சொல்பவர் தருமபுரியில் சிறுநீரக அறுவை மருத்துவர். ஆண்களின் குழந்தையின்மைக்கும் சிகிச்சை அளிப்பவர். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 33 வயது. பாலக்கோடு பக்கம் ஊர். தக்காளி லோடு வண்டி ஓட்டுகிறேன். மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது, குழந்தை இல்லை. விந்துப் பரிசோதனை எங்கே எடுத்தாலும் விந்தணு 'நில்', அதாவது ஒன்றுகூட இல்லை என்றே வருகிறது. வெரிகோசீல், அதாவது விதைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம் என்று சொல்லி ஓரிடத்தில் ஆபரேஷனும் செய்தார்கள், பலனில்லை. போன மாதம் பெங்களூரில் ஒரு டாக்டர் கையால் பரிசோதித்துவிட்டு, இரண்டு பக்கமும் விந்து நாளம் பிறவியிலேயே இல்லை என்றார். ஜீன் டெஸ்டில் 'எஃப்508டெல்' ஒன்று, '5டி' ஒன்று என்று வந்திருக்கிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயின் ஜீன் என்கிறார்கள். எனக்குச் சளிகூட அதிகம் பிடிக்காது. அந்த நோய்க்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் மனைவிக்கும் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள், அவளுக்கு எதற்கு? தம்பிக்கு வைகாசியில் கல்யாணம். அவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? அம்மா பரிகாரம் செய்யச் சொல்கிறார்.

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட் நகல்களை எல்லாம் பார்த்தேன். விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் 4.8, சரியான அளவு. ஸ்கேனில் இரண்டு விரைகளும் நல்ல அளவில் இருக்கின்றன. இந்த இரண்டும் சரியாக இருந்தால், உள்ளே விந்தணு உற்பத்தியாகிக்கொண்டுதான் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். அதை வெளியே கொண்டுவரும் நாளம்தான் உங்களுக்கு உருவாகவில்லை. உங்களுக்கு ஆண்மை இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போவது. அதற்கு இந்த நாளம் தேவையே இல்லை. தாடி, குரல், தாம்பத்தியம் எதிலும் உங்களுக்குக் குறை வராது.

இனி நுரையீரலுக்கு வருகிறேன். நம் ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்று ஒரு ஜீன் இருக்கிறது. கனடாவின் டொரொண்டோவிலும் அமெரிக்காவின் மிச்சிகனிலும் இருந்த விஞ்ஞானிகள் சேர்ந்து 1989இல் இதைக் கண்டுபிடித்தார்கள். லாப்-சீ ட்சுயி, ஜான் ரியார்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். இந்த ஜீன் தயாரிக்கும் புரதம் செல்லின் சுவரில் உட்கார்ந்துகொண்டு, குளோரைடு உப்பையும் பைகார்பனேட்டையும் வெளியே விடுகிறது. உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். அப்போதுதான் உடம்பின் மெல்லிய குழாய்களுக்குள் சுரக்கும் நீர் இளகி ஓடும். அந்தப் புரதம் வேலை செய்யாவிட்டால் சுரப்பு கெட்டிப்பட்டுக் குழாயை அடைத்துவிடும். மூச்சுக் குழாயில் அடைத்தால் ஓயாத சளியும் நிமோனியாவும் வரும். கணையத்தில் அடைத்தால் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது, குழந்தை தேறாது. விந்து நாளத்திலும் இதே கதைதான், ஆனால் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. அது மிக நுண்ணிய குழாய். கருவில் உருவாகத் தொடங்கிய நாளம் அடைபட்டுத் தேய்ந்து மறைந்துவிடுகிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் உள்ள ஆண்களுக்கு விந்தணு வெளிவருவதில்லை என்பது 1968இலேயே மருத்துவ இதழில் வந்த செய்தி. ஜீன் தெரிந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாமல், குழந்தை இல்லை என்று மட்டும் வந்த ஆண்களில் நாளம் இல்லாதவர்களைச் சோதித்தபோது, அவர்களிடமும் இதே ஜீனில் பிழை இருந்தது. உலக அளவில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் நாளம் இல்லாத ஆண்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு பிழையாவது இருக்கிறது. நீங்கள் அந்த வகை.

உங்களுக்கு நுரையீரல் தப்பித்தது எப்படி என்றால், அந்த '5டி'தான் காரணம். இந்த ஜீன் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி உண்டு, அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று. உங்கள் எஃப்508டெல் பிரதி கடுமையானது. 1480 அமினோ அமிலங்கள் கோத்த புரதத்தில் 508ஆவது இடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதனால் புரதம் சரியாக மடிவதில்லை, செல்லே அதை அழித்துவிடுகிறது. மற்ற பிரதியில் இருக்கும் 5டி மிதமானது. ஜீனின் ஓரிடத்தில் டி என்ற எழுத்து வரிசையாக ஒன்பதோ ஏழோ இருப்பது வழக்கம். அது ஐந்தாகக் குறைந்தால் புரதம் கொஞ்சம் நல்லதாகவும் கொஞ்சம் அரைகுறையாகவும் உருவாகிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்து நுரையீரல் சமாளித்துக்கொள்ளும். விந்து நாளத்துக்கு அது போதாது. 5டி இருக்கும் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பக்கத்தில் இருக்கும் டி.ஜி. என்ற எழுத்து ஜோடி 12, 13 முறை வந்தால் பாதிப்பு அதிகம், 11 என்றால் குறைவு. உங்கள் ரிப்போர்ட்டில் 12 என்றிருக்கிறது.

உங்கள் விந்துப் பரிசோதனைத் தாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். அளவு 0.6 மி.லி., பி.எச். என்ற அமில-கார அளவு 6.4, ஃப்ரக்டோஸ் நெகட்டிவ், விந்தணு இல்லை. இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அந்தத் தாளே பாதி நோயறிதலைச் சொல்லிவிடும். வெளிவரும் விந்தில் விரையிலிருந்து வருவது மிகச் சொற்பம். பெரும்பகுதி விந்துப்பை என்ற சுரப்பியிலிருந்து வருகிறது. ஃப்ரக்டோஸ் சர்க்கரையும் காரத்தன்மையும் அதன் உபயம். நாளம் உருவாகாதவர்களுக்கு விந்துப்பையும் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் சுருங்கிக் கிடக்கும். மிச்சம் புராஸ்டேட் சுரப்பியின் புளிப்பு நீர் மட்டும்தான். அதனால்தான் அளவு குறைந்து, அமிலமாகி, சர்க்கரையும் இல்லாமல் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி அளவு 1.4 மி.லி.க்குக் குறையக் கூடாது, பி.எச். 7.2க்குக் குறையக் கூடாது. மாதிரி எடுக்கும்போது கொஞ்சம் சிந்தியிருந்தாலும் அளவு குறையும் என்பதால் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்படி ஒரு தாளோடு வருபவரைப் படுக்க வைத்து, நிற்க வைத்து, விதைப்பையின் மேல்பக்கம் விரலால் தடவிப் பார்த்தாலே போதும். நாளம் இருந்தால் தடித்த சணல் கயிறு போல விரலுக்குள் உருளும். இல்லையென்றால் உருளாது. இதற்கு மெஷினும் வேண்டாம், பணமும் வேண்டாம். இதைச் செய்யாமல் ஸ்கேனில் தெரிந்த ரத்தக்குழாய்ச் சுருளைக் காரணம் காட்டி உங்களுக்கு வெரிகோசீல் ஆபரேஷன் செய்திருக்கிறார்கள் என்று படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வெரிகோசீல் விந்தின் அளவைக் குறைக்காது, ஃப்ரக்டோஸை இல்லாமல் ஆக்காது. விந்தணு 'நில்' என்று வந்த ஒவ்வொரு ஆணும் டாக்டரிடம் கேளுங்கள்: "ஐயா, நாளம் கைக்குத் தட்டுப்படுகிறதா?" கேட்பதில் தப்பே இல்லை. விந்தணு கூடுவதற்கென்று தரும் மாத்திரைகளும் லேகியமும் உங்களுக்கு எந்தப் பலனும் தராது. இல்லாத நாளத்தை எதனாலும் முளைக்க வைக்க முடியாது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் வெட்டிய நாளத்தை மறுபடி தைப்பதுபோல இதைச் செய்யவும் வழியில்லை, தைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. பரிகாரம் செய்தால் அம்மாவின் மனசுக்கு ஆறுதல் என்றால் தீர்த்தமலைக்குக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். சிகிச்சையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

சிகிச்சை இருக்கிறது. விரையின் தலைப்பக்கம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற சுருண்ட குழாயில் விந்தணு தேங்கி நிற்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய ஊசியால் அதை உறிஞ்சி எடுக்கலாம். பெசா என்பார்கள். அங்கே கிடைக்காவிட்டால் விரையிலிருந்தே எடுக்கலாம். அப்படி எடுத்த விந்தணுவை வைத்து, ஒரு கருமுட்டைக்குள் ஒரு விந்தணு என்று ஊசியால் செலுத்தும் முறைதான் இக்ஸி. இந்த முறையில் கர்ப்பம் தரித்த செய்தி 1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் உங்களைப் போன்றவர்களுக்கு நம்பிக்கையாகச் சொல்ல எங்களிடம் அதிகம் இருந்ததில்லை. பலன் உங்களைவிட உங்கள் மனைவியின் வயதைப் பொறுத்தது. ஆகவே வருஷங்களைக் கடத்தாதீர்கள்.

ஆனால் இக்ஸிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மனைவிக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். இந்தப் பதிலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். உங்களுக்கு நாளம் இல்லாததால் இத்தனை நாள் அந்த ஜீன் அடுத்த தலைமுறைக்குப் போக வழியில்லாமல் இருந்தது. இக்ஸி செய்தால் நாமே அதற்கு வழி திறந்துவிடுகிறோம். மனைவிக்குப் பிழை எதுவும் இல்லையென்றால், பிறக்கும் குழந்தை உங்களிடமிருந்து ஒரு பிழையை மட்டும் சுமந்துகொண்டு ஆரோக்கியமாக இருக்கும். மனைவியும் எஃப்508டெல்லைச் சுமப்பவராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், குழந்தைக்கு இரண்டு பிரதியும் எஃப்508டெல் ஆகி முழு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வரும். இன்னொரு நான்கில் ஒரு பங்கு, மனைவியின் எஃப்508டெல்லும் உங்கள் 5டியும் சேரும். அது பையனாக இருந்தால் உங்களைப் போலவே ஆக வாய்ப்பு அதிகம்.

நீங்கள் மாமன் மகளைக் கட்டியிருப்பதால் இந்தக் கணக்கு உங்களுக்கு வெறும் பேச்சல்ல. எஃப்508டெல் உங்கள் அம்மாவிடமிருந்து வந்திருந்தால், அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கு அது இருக்க பாதி வாய்ப்பு. மாமாவிடமிருந்து உங்கள் மனைவிக்கு வந்திருக்க அதிலும் பாதி, அதாவது நான்கில் ஒன்று. அப்பா வழியில் வந்திருந்தால் அந்தப் பயம் மிகவும் குறையும், ஆனால் 5டி அம்மா வழியாகிவிடும். அக்கா மகளைக் கட்டியவர்களுக்கும் இதே நான்கில் ஒன்றுதான். நம் பக்கத்தில் மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் கல்யாணம் இல்லாத தெரு உண்டா? தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்தில்தான் நடக்கின்றன என்று தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. கல்யாணம் முடிந்தவர்களைத் திட்டுவதால் யாருக்கும் நன்மையில்லை. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வதுதான் என் வேலை.

மனைவிக்கும் பிழை இருந்தால் அதோடு கதவு மூடிவிடாது. இக்ஸியில் உருவாகும் கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்பே சோதித்து, நோயில்லாத கருவை வைக்கலாம். கர்ப்பமான பிறகு என்றால் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். நோய்க்காகச் சோதிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று கேட்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். சோதனைக்கு முன் மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது அவசியம். வேலூர் சி.எம்.சி.யில் அதற்கென்றே துறை இருக்கிறது, உங்களுக்குத் தூரமும் அதிகமில்லை.

தம்பியிடம் சொல்லுங்கள், கல்யாணத்துக்கு முன்பே சொல்லுங்கள். அவருக்கும் உங்களைப் போலவே இரண்டு பிழையும் வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. முதலில் ஜீன் டெஸ்ட்கூட வேண்டாம், கையால் ஒரு பரிசோதனையும் ஒரு விந்துப் பரிசோதனையும் போதும். நாளம் இருந்தாலும் ஒரு பிழையைச் சுமப்பவராக இருக்கலாம். பொண்ணு சொந்தத்தில் என்றால் இருவரும் ரத்தம் கொடுப்பது நல்லது. சபையில் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை, தனியாகக் கூப்பிட்டு அண்ணனாகச் சொல்லுங்கள். அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும். பெண்களுக்கு நாளப் பிரச்சினை வராது, ஆனால் ஜீனைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை பாக்கி. மூக்கில் சதை வளர்வது, ஓயாத சைனஸ், மேல்வயிற்று வலி இவை இருக்கிறதா என்று ஒரு பொது மருத்துவரிடம் காட்டி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான சோதனையாக வியர்வையில் குளோரைடு அளவையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வகையினர் சிலருக்குப் பின்னாளில் கணைய அழற்சி வருவதுண்டு. சாராயமும் பீடியும் வேண்டாம்.

கேள்வி: ஊத்தங்கரை பக்கம். எனக்கு 27 வயது. குழந்தை இல்லை என்று என்னைத்தான் எல்லா டெஸ்டுக்கும் கூட்டிப் போனார்கள், லேப்ராஸ்கோப்பி வரை செய்தாகிவிட்டது. எல்லாம் நார்மல். வீட்டுக்காரர் ஒரு டெஸ்டும் எடுக்க மாட்டேன் என்கிறார். விந்து மிகவும் கொஞ்சமாக, தண்ணீர் போலத்தான் வரும் என்று அவரே ஒருமுறை சொன்னார். மாமியார் அவருக்கு இரண்டாவது கல்யாணம் பேசுகிறார்.

பதில்: அம்மா, குழந்தையில்லாத தம்பதிகளை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் கலந்திருக்கும். வயிற்றில் ஓட்டை போட்டுப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குச் செய்த வரிசை தலைகீழ். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

அளவு மிகக் குறைவு என்று அவர் சொன்னது முக்கியமான தடயம். மேலே பாலக்கோட்டுத் தம்பிக்குச் சொன்னதுபோல நாளம் இல்லாமலும் இருக்கலாம், விந்து வெளியேறும் சிறு குழாய் அடைத்தும் இருக்கலாம், சர்க்கரை நோயால் விந்து பின்னோக்கி மூத்திரப்பைக்குள் போவதாகவும் இருக்கலாம். பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஐயா, இதைப் படிக்கும் கணவரே, உங்களிடம் நேராகவே சொல்கிறேன். இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு ஒரு மாதிரி கொடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். ஊரில் தெரிந்தவர் பார்ப்பார் என்று பயந்தால் ஓசூருக்குப் போங்கள். நாளம் இல்லாததுதான் காரணம் என்றால் இரண்டாவது கல்யாணம் செய்தாலும் அந்தப் பெண்ணுக்கும் குழந்தை வராது. இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் இப்படியே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கழியும். முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்து இல்லாமல் இன்னொரு கல்யாணம் செய்வது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலை. எங்கள் மகனுக்கு 7 வயது. முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும், அடிக்கடி நிமோனியா, எடை ஏறவில்லை. இப்போது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதி செய்திருக்கிறார்கள். பெரியவனானால் அவனுக்குக் குழந்தை பிறக்காது என்று படித்தேன். உண்மையா? இதை அவனிடம் எப்போது சொல்வது?

பதில்: உங்கள் கேள்வி பதினைந்து இருபது வருஷம் தாண்டிப் போகிறது. அவன் அந்த வயதை ஆரோக்கியமாக எட்டுவான் என்ற நம்பிக்கையோடு நீங்கள் கேட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த நம்பிக்கையை விடாதீர்கள்.

இந்த நோய் உள்ள ஆண்களில் 100க்கு 95 பேருக்கு மேல் விந்து நாளம் இருப்பதில்லை. ஆகவே இயல்பான முறையில் குழந்தை உண்டாக வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் விரை வேலை செய்யும். வயதுக்கு வருவது சற்றுத் தாமதமாகலாம், வராமல் போகாது. எடை நன்றாக ஏறினால் அந்தத் தாமதமும் குறையும். வளர்ந்த பிறகு ஊசியால் விந்தணு எடுத்து இக்ஸி செய்ய அவனுக்கும் முடியும். மிகச் சிலருக்கு நாளம் இருப்பதும் உண்டு. அதனால் 18 வயதுக்கு மேல் ஒரு விந்துப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கூட்டு, எஃப்508டெல் உள்ளவர்களின் நுரையீரலுக்குப் பெரிய மாற்றம் தந்திருக்கிறது. ஆனால் பிறப்பதற்கு முன்பே மறைந்த நாளத்தை அதனால் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்த நோயின் ஒரு வகை ஜீன் பிழையோடு வளர்த்த ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்குகளில், கர்ப்பத்திலேயே தாய்க்கு இவ்வகை மருந்தொன்றைக் கொடுத்தபோது குட்டிகளின் நாளம் காப்பாற்றப்பட்டதாக ஆராய்ச்சி வந்திருக்கிறது. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் வரவில்லை.

சொல்வதற்கு ஒரே நாள் குறிக்காதீர்கள். 12, 13 வயதில் உடம்பு மாறும்போது, அவன் கேட்கும் கேள்விக்கு அவன் தாங்கும் அளவுக்குச் சொல்லுங்கள். இணையத்தில் தானாகப் படித்துத் தெரிந்துகொள்ள விட்டுவிடாதீர்கள். தாம்பத்தியத்துக்கும் குழந்தைப்பேற்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதையும், அவன் உடலுறவில் எந்தக் குறையும் இருக்காது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். உங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் இந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே முதலில் உங்கள் இருவரின் ஜீன் ரிப்போர்ட்டோடு ஆலோசகரைப் பாருங்கள்.

இப்போதைக்கு அவசரமானது ஒன்று சொல்கிறேன். சித்திரை வெயிலில் இந்தக் குழந்தைகள் வியர்வையில் ஏராளமாக உப்பை இழந்து சட்டென்று துவண்டுவிடுவார்கள். கூடுதல் உப்பு எவ்வளவு என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, மோரிலும் கஞ்சியிலும் தவறாமல் சேருங்கள். பள்ளி ஆசிரியரிடமும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பர்கூர், வயது 30. எனக்கும் இரண்டு பக்கமும் நாளம் இல்லை. ஸ்கேனில் ஒரு சிறுநீரகமும் இல்லை என்று தெரிந்தது. ஜீன் டெஸ்ட் நெகட்டிவ். மனைவிக்கு டெஸ்ட் வேண்டாம்தானே?

பதில்: என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். வெள்ளைக்காரர்களுக்கு அதிகம் காணப்படும் சில பிழைகளை மட்டும் பார்க்கும் கிட் என்றால், அதில் நெகட்டிவ் வந்ததை நம்பி உட்கார முடியாது. நம் நாட்டு நோயாளிகளிடம் எஃப்508டெல்லின் பங்கு அவர்களைவிடக் குறைவு, மற்றப் பிழைகள் பல. முழு ஜீனையும் 5டியையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தும் நெகட்டிவ் என்றால், உங்கள் கதை வேறு. சிறுநீரகமும் விந்து நாளமும் கருவில் ஒரே குழாயின் தொடர்பில் உருவாகின்றன. அந்தக் குழாயே ஆரம்பத்தில் சரியாக வளராதவர்களுக்குத்தான் ஒரு சிறுநீரகமும் இல்லாமல் போகும். அவர்களில் பெரும்பாலோருக்கு சி.எஃப்.டி.ஆர். காரணமில்லை. அப்போது மனைவிக்கு இந்த டெஸ்ட் அவசியமாகாது. சிறுநீரகம் இரண்டும் இருந்து சி.எஃப்.டி.ஆரும் நெகட்டிவாக வரும் சிலருக்கு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஏ.டி.ஜி.ஆர்.ஜி.2 என்ற ஜீனில் பிழை இருப்பது 2016இல் தெரியவந்தது. அது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, மகளுக்குப் போய் மகள் வயிற்றுப் பேரனுக்கு வரலாம்.

நீங்களும் ஊசி முறையில் விந்தணு எடுத்து இக்ஸி செய்யலாம். மனைவி கர்ப்பமானால் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகங்களைக் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இருப்பது ஒற்றைச் சிறுநீரகம். வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பாருங்கள், மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.